சதங்கை கழற்றும் நாள்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு பதிலுக்கு நடுவில், டோக்கியோவில் ஒரு பாலேக்காரி தன்னுடைய கடைசி ஆட்டத்தை ஆடி முடித்ததை போனில் பார்த்துக் கண் கலங்கினேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று யார் கண்டது! ஆசிரியர் ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டாக அனுப்பி வைத்திருக்கிறார். அரைமண்டி இருக்க முழங்கால் நோகுது, பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது போன்ற வழக்கமான கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

யூடியூபில் என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். ஆடி முடிந்ததும் மேலேயிருந்து தங்க நிறக் கடதாசி மழை மாதிரிக் கொட்டுது. சனமெல்லாம் எழும்பி நின்று தட்டுது, தட்டுது, நிறுத்தவே இல்லை. ஆடினவவுக்கு 42 வயதாம், ரிட்டயராம். 42 வயதில் யாரும் பென்ஷன் போவாங்களா ரீச்சர்?
– ஏறாவூர் வாசகி

போவாங்க. நீங்கள் பார்த்தது பாரிஸ் ஒபேராவாகத்தான் இருக்கும். தங்கக் கடதாசி கொட்டி வழியனுப்புவது அவங்கட வழக்கம். அந்தக் குழுவில் ஆணோ பெண்ணோ, 42 வயதோடு மேடை முடிந்தது. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் விலக்கில்லை. நட்சத்திரம் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே உச்ச நிலையில் ஆடுகிறவர்களுக்குப் பட்டமே 'எத்துவால்', பிரெஞ்சில் நட்சத்திரம் என்று அர்த்தம். 2015 மே 18ஆம் திகதி ஓரேலி டூப்போன் 'மனோன்' ஆடி விடைபெற்றபோது அவருக்கும் 42தான். அடுத்த வருடமே அதே குழுவுக்கு நடன இயக்குநராகத் திரும்பி வந்தார்.

அந்தப் பென்ஷன் இன்று நேற்று வந்ததில்லை. 1698இல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கியது. அந்த மன்னர் தானே சூரியன் வேடம் கட்டி பாலே ஆடினவர். காலும் இடுப்பும் என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 2019இல் அரசாங்கம் அதில் கை வைக்கப் போனது. அந்த வருடம் டிசம்பர் 24ஆம் திகதி, பாரிஸ் குளிரில், நடனப் பெண்கள் மெல்லிய வெள்ளை உடுப்போடு ஒபேரா வாசற்படியில் இறங்கி நின்று 'அன்ன ஏரி' ஆடிக் காட்டினார்கள். வேலைநிறுத்தம் என்றால் அப்படிச் செய்ய வேண்டும்.

நமக்கு 60. கணக்குப் படிப்பிக்கிறவருக்கும் 60, நடனம் படிப்பிக்கிறவருக்கும் 60. என்னுடைய 58ஆவது வயதில் ஆறாம் வகுப்புக்கு முழுமண்டி காட்ட இருந்தேன், இருந்தபடியே இருந்துவிட்டேன். எழும்ப ஏலாது. மணியும் அடித்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்து எழுப்பினதுகள். அதில் ஒருத்தி, "ரீச்சர், இதுவும் பாடத்திலயா?" என்று கேட்டாள்.

'பாலே'யா, 'பலே'யா? எப்படி எழுதுவது சரி?
– களுவாஞ்சிகுடி வாசகர்

ஆடுவது பாலே. ஆடி முடிந்ததும் சொல்ல வேண்டியது பலே. நம்மட சபைகளில் இரண்டுமே குறைவு.

நான் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறேன். தொழில் முறையில் கேட்கிறேன்: அந்தப் பெண்கள் பெருவிரல் நுனியில் நிற்கிறார்களே, சப்பாத்துக்குள் இரும்பா, மரமா?
– கல்முனை வாசகர்

இந்தக் கட்டில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இரும்பும் இல்லை, மரமும் இல்லை. துணியும் கடதாசியும் பசையும்.

லண்டனில் இருக்கிற என் மச்சாள் ஒரு முறை, யாரோ ஆடிக் கழித்த ஒற்றைச் சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். கையில் வாங்கியதும், காய்ந்த கொட்டான் ஓட்டைத் தூக்கின மாதிரி அவ்வளவு இலேசு. வெளியே ரோசா நிற சாட்டின். விரல் போகிற இடம் மட்டும் பெட்டி மாதிரி இறுகியிருக்கும். துணியையும் கடதாசியையும் படை படையாகப் பசை வைத்து ஒட்டி, சுத்தியலால் தட்டி உருவாக்கி, சூட்டில் காயவிட்டு எடுக்கிறார்கள். உங்களுக்கு விளங்கும்: உட்புறத்தை வெளியே வைத்துத் தைத்துவிட்டு, பிறகு புரட்டிப் போடுகிற வேலை. அடியில் தோல் ஒரு நாக்கு அகலம்தான். பாதம் அவ்வளவிலா நிற்கிறது என்று எனக்குப் பயமாகிவிட்டது. செய்த ஆள் தன்னுடைய அடையாளத்தை அதில் குத்தி விடுவாராம். ஒரு ஆட்டக்காரி ஒரே கைக்காரர் செய்ததைத்தான் வருடக்கணக்காகக் கேட்டு வாங்குவாளாம். நாங்கள் தையல்காரர் மாறினால் சட்டை பிடிக்கவில்லை என்று சொல்வதில்லையா, அப்படி.

புதுச் சப்பாத்தை அப்படியே போட்டு ஆட முடியாது. படியில் அடிப்பார்கள், கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள், அடித்தோலைக் கத்தியால் கீறி வழுக்காமல் பண்ணுவார்கள். நாடாவை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்து, ஒரு முழு இரவு 'அன்ன ஏரி' ஆடினால் பல நேரம் அந்தச் சோடி அதோடு சரி, பெட்டி இளகிவிடும். பெரிய குழுக்களுக்கு வருடத்தில் ஆயிரக்கணக்கில் சோடி போகும். நம்மட சதங்கை அப்படியில்லை. ஒருக்கால் வாங்கினால் பேத்திக்கும் வரும். (கடல் விட்டுவைத்தால்.)

நீங்கள் ஒன்று செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். செய்தால் எனக்கும் காட்டுங்கள். யாருடைய காலிலும் போட்டுப் பார்க்காதீர்கள்.

எனக்கு 41. கலியாணத்துக்கு முன் பரதம் படித்தேன். இப்ப மகளோடு வகுப்புக்குப் போய் நானும் திரும்ப ஆடத் தொடங்கினேன். ஊரில் சிரிக்கிறார்கள். நிறுத்திவிடட்டா?
– திருக்கோவில் வாசகி

மார்கோ பொன்ரேன் என்று லண்டனில் ஒருத்தி இருந்தா, 1919இல் பிறந்தவ. நாற்பது தாண்டியதும் இனிப் போதும் என்ற எண்ணத்தில் இருந்தா. பத்திரிகைக்காரரும் எப்போது நிறுத்துகிறாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து சோவியத்திலிருந்து ருடோல்ப் நுரேயேவ் தப்பி வந்து சேர்ந்தார். 1962 பெப்ரவரி 21, லண்டனில் இரண்டு பேரும் 'ஜிசெல்' ஆடினார்கள். அவவுக்கு 42, அவருக்கு 23. தாய் வயது என்று சனம் சொல்லியிருக்கும். சொன்ன சனமே இரவெல்லாம் வீதியில் வரிசையில் கிடந்து ரிக்கெற் வாங்கியது. முடிந்து போகிற நேரத்தில் அவவுக்கு இன்னொரு பதினைந்து வருடம் கிடைத்தது.

கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1964இல் பனாமாவில் அவவுடைய கணவரைச் சுட்டுவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அதற்குப் பிறகு அவ ஆடியது கலைக்காக மட்டுமில்லை, வைத்தியச் செலவுக்காகவும்தான். அறுபது வயது வரைக்கும் மேடையில் நின்றா. கடைசியில் பனாமாவில் ஒரு பண்ணை, மாடுகள், சக்கர நாற்காலியில் கணவர். உலகமே எழும்பி நின்று கைதட்டிய ஒருத்தி மாட்டுப்பட்டி பார்த்துக்கொண்டு இருந்தா என்றால், மாடு வளர்க்கிற படுவான்கரைக்காரருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1991இல் செத்துப்போனா. அதுவும் பெப்ரவரி 21.

நீங்கள் நிறுத்த வேண்டாம். சிரிக்கிற ஆக்களுக்கு முழங்கால் நோகாது. உங்களுக்கு நோகும், அதனால் குதித்து விழுகிற அடவுகளைக் குறைத்து, பதம் (மெல்லப் பாட, அபிநயம் பிடிக்கிற உருப்படி) இரண்டு எடுத்துப் பழகுங்கள். பதத்துக்கு 41 நல்ல வயது. இருபது வயதுப் பிள்ளை 'வரச் சொல்லடி' என்று கை காட்டினால் அது பாடம் ஒப்புவிப்பது. நீங்கள் காட்டினால் யாரோ உண்மையில் வராமல் இருக்கிறார்.

மகளுக்கு 13. இனி நடனம் தொடங்கினால் பிந்திவிடுமா?
– வாழைச்சேனை வாசகர்

அமெரிக்காவில் மிஸ்ரி கோப்லன்ட் பாலேயைத் தொட்டதே 13 வயதில்தான். தாயும் சகோதரங்களும் மலிவான விடுதி அறையில் ஒண்டியிருந்த காலம். 2015இல் நியூயோர்க்கின் பெரிய குழுவில் முதன்மை நடனக்காரியானா. அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவ. 2025 ஒக்டோபரில் விடைபெற்றா. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

ரீச்சர், அந்த டோக்கியோ ஆட்டக்காரி யார்? உங்கட கடைசி மேடை எது? உங்களிடம் நான் ஆறு வருடம் படித்தேன். ஒரு நாள்கூட நீங்கள் மேடையில் ஆடி நாங்கள் பார்த்ததில்லையே.
– கல்லடி, பழைய மாணவி

முதல் கேள்வி சுகம். அவ பெயர் சில்வி கிலெம். பாரிஸில் பிறந்தவ, முதலில் உடற்பயிற்சிக்காரி. 19 வயதில், 1984இல், மேலே சொன்ன அதே நுரேயேவ், அப்போது பாரிஸ் ஒபேராவில் நடன இயக்குநர், அவவை எத்துவால் ஆக்கினார். 1989இல் பாரிஸை உதறிவிட்டு லண்டன் போனா. எதற்கும் 'மாட்டேன்' என்று சொல்லக்கூடியவ. காலைத் தூக்கினால் கடிகார முள் ஆறு மணி காட்டுகிற மாதிரி நேராக நிற்கும். நாற்பது தாண்டியதும், பங்களாதேஷ் வேர் கொண்ட கதக் கலைஞர் அக்ரம் கானோடு சேர்ந்து ஆடினா. அன்னமாகவே செத்துக்கொண்டிருக்க அவவுக்கு விருப்பமில்லை.

50 வயதில் நிறுத்துவேன் என்று முந்தின வருடமே அறிவித்துவிட்டா. 2015 முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடினா. கடைசி நாளுக்கு அவ தெரிந்தெடுத்தது டிசம்பர் 31, டோக்கியோ. ஆடியது 'பொலேரோ'. இசை ரவேல், ஆட்டத்தை அமைத்தவர் மொறிஸ் பெஜார். நடுவில் வட்ட மேசை ஒன்று. மேசைக்கு மேலே அவ தனிய, சுற்றிவர ஆண்கள். பக்கமேளம் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்பத் தட்டும், கால் மணித்தியாலம். மாற்றமே கிடையாது, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். மத்தளக்காரர் கூத்துக் களரியில் இரவு இரண்டு மணிக்குப் பிடிக்கிற பிடி இருக்கிறதல்லவா, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கடைசி அடி விழுந்ததும் புதுவருடம் பிறந்தது. அப்படிக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார்கள். 2015 முடிய அவவும் முடிந்தா.

நான் இதை வெகுகாலம் கழித்துத்தான் பார்த்தேன், மகன் அனுப்பி. கண் கலங்கினது கலையில் இல்லை. டோக்கியோவில் நடுச்சாமம் என்றால் இங்கே இரவு எட்டரை. அந்த எட்டரைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த புதுவருடக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஒருத்தி தன் கடைசி அடி எது என்று தெரிந்து, திகதி குறித்து, மணி குறித்து வைக்கிறாள். எனக்கோ...

இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன்.

என் அரங்கேற்றத்துக்குத் திகதி குறித்தது 1978 டிசம்பர். அழைப்பிதழும் அடித்தாயிற்று. நவம்பர் 23 இரவு சூறாவளி. விடிய எழும்பிப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்துக் கிடக்கின்றன. அரங்கேற்றம் வைக்க இருந்த மண்டபத்தின் கூரை அடுத்த வளவில் கிடந்தது. அப்பா அழைப்பிதழை வீசவில்லை. நீலப் பேனையால் திகதியை வெட்டி, பக்கத்தில் புதுத் திகதி எழுதினார், ஒவ்வொன்றாக, இருநூறு. தையில் கோயில் வெளி வீதியில் ஆடினேன். எங்கட பக்கம் கரண்ட் இன்னும் வரவில்லை. நாலு மூலையிலும் பெற்றோமாக்ஸ். வெளிச்சத்துக்கு ஈசல் வந்து அப்பிய மையில் ஒட்டுது, தட்ட முடியாது. வர்ணத்தில் ஜதி போய்க்கொண்டிருக்குது, ஒன்று இமைக்குள்ளேயே போய்விட்டது. கண்ணீர் வழிய ஆடி முடித்தேன். பாவம் அப்படி வந்தது என்று ஊரில் இரண்டு வருடம் பேசினார்கள்.

பாருங்கள், தொடங்கினதை இவ்வளவு சொல்ல எனக்குத் தெரிகிறது. திகதி தெரியும், எண்ணெய் நாற்றம் தெரியும். கடைசி மேடையைக் கேட்டால் நான் விரல் விட்டு எண்ண வேண்டும். 1989 வாணி விழாவாக இருக்க வேண்டும். அப்போது படிப்பித்த பாடசாலையில் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு நடுவில் ஒரு தில்லானா ஆடினேன். என்ன சேலை என்று நினைவில்லை. எந்த ராகம் என்றுகூடச் சத்தியம் பண்ண மாட்டேன். வயிற்றில் மூத்தவன் வந்து சேர்ந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. மறுகா 90 ஆனியில் சண்டை தொடங்கியது. ஆட்டம் என்ன, விளக்கு வைக்கவே பயந்த காலம்.

நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகு ஒரு விழாவுக்கு ஆடுகிறேன் என்று கேட்டேன். அப்போதைய அதிபர், நல்ல மனிதர்தான், தேநீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைகளை ஆட விடுங்க ரீச்சர். நீங்க ஏன்? ரெண்டு பிள்ளைக்குத் தாய்." சண்டை பிடித்திருக்கலாம். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தேநீர் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நீங்கள் என்னிடம் படித்தது அதற்குப் பிறகு.

சதங்கையைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு காலுக்கு ஐம்பது மணி, தஞ்சாவூரிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26 பெட்டியோடு போய்விட்டது. மனிதர் போன நாளில் சதங்கைக்கு அழ முடியுமா? அழவில்லை. மூன்றாம் கிழமை, துப்புரவாக்க வந்த பெடியன் ஒருத்தன் மணலுக்குள்ளிருந்து ஒரு தோல் பட்டியை எடுத்து, "இது மாட்டுக்குக் கட்டுறதா அன்ரி?" என்றான். மணி எல்லாம் கழன்றுவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றும் உப்பேறிப் பச்சை பிடித்து, ஆட்டினால் சத்தம் வராது. அது இப்போதும் சாமி அறையில் இருக்கிறது.

அப்பா திருத்திய அழைப்பிதழில் ஒன்று பெரியக்கா வீட்டில் அகப்பட்டது. அவ கண்டிக்குக் கலியாணம் கட்டிப் போனபடியால் தப்பியது. ஆக, தொடக்கத்துக்கு ஒரு கடதாசி இருக்கிறது. முடிவுக்கு எதுவுமில்லை. அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அடிக்கிறோம், மாலை வாங்குகிறோம், நகைக்கடையில் விளம்பரம் கேட்கிறோம். சதங்கையைக் கழற்றுவதற்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லையே மகள். டோக்கியோவைப் பார்த்து நான் அழுதது அந்தப் பொறாமையில்தான்.

நீங்கள் பாலேயைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கட கூத்தில் விடைபெறும் ஆட்டம் என்று ஒன்று உண்டா?
– படுவான்கரை வாசகர்

குட்டு விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன்.

கூத்தில் தொடக்கம்தான் படிப்படியாக இருக்கிறது. சட்டம் கொடுப்பது (அவரவர் வேடத்துக்குரிய பாட்டை எழுதிக் கொடுப்பது), பழகுவது, சதங்கை அணிவது, கிழமைக் கூத்து, அடுக்குப் பார்ப்பது, பிறகு அரங்கேற்றம். சதங்கை அணிகிற நாளில் கூத்துப் பழக்கின அண்ணாவியார் கையால் வாங்கிக் கட்டும்போது பெரிய மீசைக்காரனும் குழந்தைப்பிள்ளை மாதிரி நிற்பான். விடிய வாழி பாடிக் கூத்து முடியும். ஆனால் அது கூத்துக்கு வாழி, கூத்தனுக்கு இல்லை.

கூத்தன் ஓய்வு பெறுவதில்லை, நகருகிறான். வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பும் கிரீடமும் சேர்ந்த பாரம் இருக்கிறதே, அதைத் தூக்கிக்கொண்டு வட்டமடிக்க முடியாமல் போகிற வருடம், அடுத்த சட்டம் அவருடைய மகனுக்கோ மருமகனுக்கோ போகும். அவர் பிற்பாட்டுக்கு வந்துவிடுவார். அதற்கும் மூச்சு வாங்கினால் களரி ஓரத்தில் பாயில் இருந்து, பிழை விடுகிறவனைப் பார்த்து இருமுவார். அந்த இருமலுக்கு ஆடுகிறவன் நடுங்குவான். இது பாரிஸ்காரருக்குக் கிடைக்காத பென்ஷன். எனக்கு இதில் ஒரு குறைதான். வயது போன கூத்தருக்கு ஓரத்தில் பாய் போட்டு வைத்தோம். ஆடின பெண்களுக்கு அந்தப் பாயும் இல்லை. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்கள்தானே கட்டினார்கள்.

பரதத்துக்கும் பாலேக்கும் ஏதாவது உறவு உண்டா?
– சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்

உங்கள் விரிவுரையாளரிடம் கேட்டால் இரண்டு மணித்தியாலம் சொல்வார். எனக்குப் பிடித்த ஒரு இழை மட்டும்: ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் படிக்க ஆசைப்பட்டது பாலே. ரஷ்ய பாலேக்காரி அன்னா பாவ்லோவாவைக் கண்டு மயங்கி, அவருடைய குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாடமும் எடுத்தார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று திருப்பி அனுப்பியது பாவ்லோவாதான். பிறகு 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவியின் பரத மேடை, அடுத்த மாதம் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளி. அந்த வழியில் படித்து வந்தவர்கள் நமக்குப் படிப்பித்தார்கள். ஆகவே நீங்கள் தட்டுகிற தட்டடவில் எங்கோ ஒரு ரஷ்யக்காரியும் இருக்கிறாள்.

அந்தப் பாவ்லோவா விடைபெறவே இல்லை. 1931 ஜனவரி 23, நெதர்லாந்தின் ஹேக் நகரில், சுற்றுப்பயணத்தின் நடுவில், நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனா. ஐம்பது வயதாக மூன்று கிழமை இருந்தது. ஆட வேண்டிய இரவில் மேடை வெறுமை. வாத்தியம் வாசிக்க, அவ ஆடியிருக்கக்கூடிய இடமெல்லாம் விளக்கு வட்டம் மட்டும் நகர்ந்தது என்று சொல்வார்கள்.

அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் "இனி மேடை எல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் சரி என்கிறா. உங்கட போன மாதப் பதிலைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை: அரங்கேற்றம் மாதிரி ஒரு விடைபெறும் நிகழ்ச்சி வைக்கட்டா? நீங்கள்தான் பிரதம விருந்தினர்.
– காரைதீவு, 26 வயது

மகள், பிரதம விருந்தினராக நான் வர மாட்டேன். அந்த டோக்கியோக்காரி திகதியைத் தானே குறித்தாள். உங்களுக்குத் திகதி குறித்தது மாமியார் வீடு. இரண்டுக்கும் ஒரே மாலையைப் போட எனக்கு மனமில்லை. 26 வயதில் விடைபெறும் நிகழ்ச்சி வைத்தால் சனம் கைதட்டும், கேசரி சாப்பிடும், நல்ல பிள்ளை என்று சொல்லும். நீங்களும் ஒரு நிறைவோடு நிறுத்திவிடுவீர்கள். எனக்குப் பயம் அந்த நிறைவில்தான்.

'வேணாம்' என்று சொன்னது வீட்டார். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் ஆடி அவர் பார்த்திருக்கிறாரா? போட்டோவில் இல்லை, நேரில்? பார்க்காவிட்டால் முதலில் அதற்கு வழி பண்ணுங்கள். பெரிய மேடை தேவையில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவரை என்னுடைய வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குத் தேநீர் ஊற்ற எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகும், யாரும் சொல்லாமல், உங்களுக்கே போதும் என்று தோன்றினால் நிறுத்துவது குற்றமில்லை. அப்போது அழைப்பிதழ் அடிப்போம், நட்டுவாங்கம் நானே பிடிக்கிறேன், காசு வேண்டாம். அது எந்த வயதிலாவது இருக்கட்டும், நான் இருந்தால்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வாங்க. கல்லடிப் பாலம் தாண்டியதும் அம்மாவை ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள், ஒழுங்கைக்கு ஆள் அனுப்புகிறேன். சதங்கையை மறக்காமல் கொண்டு வாங்க. கலியாணப் பேச்சு தொடங்கினதிலிருந்து கட்டியிருக்க மாட்டீர்கள், தோல் காய்ந்து முறுகியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவே தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். மணியில் படாமல், தோலில் மட்டும்.